பை கமராவைவிடப் பாரமாக இருக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். என்னிடம் கெனன் 200டி கமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், 55-250 ஒன்று, 50 மி.மீ. ஒன்று இருக்கின்றன. வருகிற மாதம் சிநேகிதிகளோடு கண்டி, எல்ல பக்கம் மூன்று நாள் போகிறோம், பஸ்ஸிலும் ரயிலிலும்தான். வருட முடிவில் அம்மாவோடு திருச்சி போகிற யோசனையும் உண்டு. ஒரே பையில் கமராவும் உடுப்பும் வைக்க வேண்டும். கடையில் ஒரு பெரிய கமரா பை காட்டி 26,000 ரூபாய் சொல்கிறார்கள். பார்க்க நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் தூக்கிப் பார்த்தால் வெறும் பையே பாரமாக இருந்தது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. வெறும் பையே பாரம் என்று உங்கள் கை சொன்னது சரி, அதையே கேளுங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200டி பெட்டரியோடு ஏறக்குறைய 450 கிராம், 18-55 லென்ஸ் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல், 55-250 எஸ்டிஎம் ரகம் என்றால் 375, 50 மி.மீ. 160. எல்லாம் கூட்டினாலும் 1.2 கிலோதான் வருகிறது. இதைச் சுமக்க விற்கிற கமரா பைகளைப் பாருங்கள்: பீக் டிசைன் எவ்ரிடே 20 லீட்டர் பை வெறுமனே சுமார் 2 கிலோ, லோப்ரோ ப்ரோடக்டிக் 450 இரண்டரைக் கிலோவையும் தாண்டும். அவை கூடாத பைகள் என்று சொல்லவில்லை, நல்ல பைகள். ஆனால் ப்ரோடக்டிக் போன்றவை இரண்டு கமரா, பெரிய 70-200 லென்ஸ், லப்டொப், ட்ரைபொட் என்று கொண்டு திரிகிற கல்யாண வீட்டுப் படப்பிடிப்பாளருக்காகச் செய்தவை, அதனால்தான் நாலு பக்கமும் தடித்த ஸ்பொஞ், உள்ளே பல தடுப்பு, வெளியே ஏழெட்டுப் பட்டி. உங்கள் 1.2 கிலோவுக்கு அதில் பாதி இடம் சும்மா கிடக்கும், உடுப்பு வைக்கப் போனால் தடுப்புகள் விடாது.

நீங்கள் வாங்க வேண்டியது இரண்டு சாமான். ஒன்று, 18 முதல் 22 லீட்டர் வரையான சாதாரண முதுகுப் பை, வெறும் எடை ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். மற்றது, அதற்குள் வைக்கிற ஸ்பொஞ் பெட்டி, கமரா இன்சேர்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். பெட்டி வாங்கும்போது லீட்டர் கணக்கைப் பார்க்காதீர்கள், அளவுநாடாவைக் கொண்டு போங்கள். 55-250 பூட்டிய நிலையில் உங்கள் கமரா முன்னுக்குப் பின் 18 செ.மீ. வரும், அகலம் 12 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். லென்ஸ் கீழே பார்க்க நிறுத்தி வைத்து, பக்கத்தில் ஒரு தடுப்புப் போட்டு, அந்த இடுக்கில் 18-55ஐ அடியிலும் 50ஐ மேலேயும் வைத்தால் எல்லாம் அடங்கிவிடும். அதற்கு உள்ளளவு 24 செ.மீ. நீளம், 20 உயரம், 12 அகலம் போதும். அதைவிடப் பெரிய பெட்டி வாங்கினால் உடுப்புக்கு இடம் போய்விடும்.

வைக்கும்போது பெட்டியை அடியில் வைக்காதீர்கள். எல்லாரும் பாரமானதை அடியில் வைப்பார்கள், ஆனால் பையில் முதலில் நனைவது அடிப்பக்கம்தான், பஸ் தட்டில் யாரோ சிந்திய தண்ணீர், ஸ்டேசன் பெஞ்சு, ஈரப் புல் எல்லாம் அங்கேதான் படும். உடுப்பைச் சுருட்டி அடியில் போட்டு, துவாயை அதற்கு மேல் விரித்து, பெட்டியை மேலே வையுங்கள். மேல் ஸிப்பைத் திறந்தவுடன் கமரா கையில் வரும், எல்லயில் ரயில் பாலத்துக்கு வருகிற நேரத்தில் பையைக் கிளறிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கடையில் என்ன பார்க்க வேண்டும் என்றால், முதலில் ஸிப். பையை வெறுமையாக வைத்து ஒரு கையால் மட்டும் ஸிப்பை முழுச் சுற்றும் இழுங்கள், மூலையில் திரும்பும் இடத்தில் தயங்கினால் அந்தப் பையை வைத்துவிடுங்கள், நிரம்பிய பிறகு அந்த மூலையில்தான் பிய்யும். அப்புறம் தோள்பட்டி பையோடு சேரும் இடத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அங்கே பெட்டி வடிவில் குறுக்குத் தையல் இருக்க வேண்டும், ஒற்றை வரித் தையல் என்றால் வேண்டாம். நெஞ்சுக்குக் குறுக்கே பூட்டும் பட்டி கட்டாயம் தேவை, இடுப்புப் பட்டி இந்தப் பாரத்துக்குத் தேவையில்லை. தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே அடித்திருக்கும் பூச்சையும் விரலால் தடவிப் பாருங்கள். பழைய கையிருப்பில் பொலியூரத்தேன் பூச்சு எங்கள் சூட்டுக்கும் ஈரக் காற்றுக்கும் பிசுபிசுத்துப் போயிருக்கும், விரலில் ஒட்டினால் எவ்வளவு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். கடைசியாக, உங்கள் கமராவையும் ஒரு போத்தல் தண்ணீரையும் போட்டுத் தோளில் மாட்டிக் கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு உங்களுடையது.

மழை உறை ஒன்று வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். உறை முன்பக்கத்தைத்தான் மூடும், முதுகு பக்கம் வழிகிற தண்ணீர் பட்டி வழியாக உள்ளே இறங்கும். தடித்த பொலித்தீன் பை ஒன்றைப் பைக்குள் விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைப்பதுதான் உண்மையான காவல், செலவும் இல்லை.

திருச்சிப் பயணத்துக்கும் இதே பை சரி. பல விமான சேவைகளில் எக்கனொமிக்குக் கைப்பொதி 7 கிலோதான், அதில் 2 கிலோவைப் பையே தின்றால் மிச்சம் என்ன? மேலதிகப் பெட்டரிகளையும் பவர்பேங்கையும் செக்-இன் பொதியில் போடக் கூடாது, கையோடுதான் கொண்டு போக வேண்டும், முனைகளுக்கு டேப் ஒட்டி வையுங்கள். பெட்டரியில் அடங்கும் சக்தியை வாட்-அவர் கணக்கில்தான் பார்ப்பார்கள்: உங்கள் கமரா பெட்டரி 7.5, 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்றால் 74 அளவில் வரும், பொதுவான எல்லை 100. அந்த வகையில் பயமில்லை.

பஸ்ஸில் மேல் தட்டில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பை என்றால் அது முடியும்.

கேள்வி: நிலாவெளியில் இருந்து புறாமலைக்குப் படகில் போகும்போது கமராவைக் கொண்டு போக ஆசை. வோட்டர்ப்ரூப் என்று எழுதிய கமரா பை ஒன்று பார்த்தேன், போதுமா?

பதில்: போதாது. அப்படி எழுதிய பல பைகள் தூறலைத் தாங்கும், அவ்வளவுதான், ஸிப்பும் தையலும் அலைத் தண்ணீரை விட்டுவிடும். படகில் அலை அடிக்கும், இறங்கும்போது முழங்கால் தண்ணீரில் கால் வைக்க நேரலாம், அங்கே ஸிப் உள்ள எதையும் நான் நம்ப மாட்டேன். வாயை மூன்று நாலு தரம் சுருட்டிப் பூட்டுகிற 10 லீட்டர் ட்ரை பேக் ஒன்று வாங்கி, கமராவைத் துவாயில் சுற்றி அதற்குள் போடுங்கள், கமரா பையின் விலையில் சின்னப் பங்குதான் வரும். கொண்டு போக முதல் நாள் வீட்டில் காற்றை அடைத்துச் சுருட்டிப் பூட்டி, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் மாற்றுங்கள். தீவில் ஈரக் கையால் மட்டும் திறக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பையின் பூட்டையும் வளையங்களையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு காய்ந்தால் உலோகத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: பெரிய பிராண்ட் பை ஒன்று ஒன்லைனில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடக்கிறது. அண்ணா, எடுக்கவா?

பதில்: அந்த விலைக்கு அசல் வர வாய்ப்பே இல்லை. பிராண்ட் பெயர் இல்லாத நேர்மையான பையை அதே காசுக்கு நேரில் தொட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள், அதில் பொருளின் பெயரும் உத்தரவாதக் காலமும் எழுதச் சொல்லுங்கள். ஏமாற்றியது தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், பில் இல்லாமல் அங்கே பேசுவது கஷ்டம்.

கேள்வி: பயணம் முடிந்ததும் கமராவைப் பைக்குள்ளேயே வைத்து அலுமாரியில் வைக்கிறேன். தூசி படாது என்றுதான். சரிதானே?

பதில்: தயவு செய்து இன்றைக்கே வெளியே எடுங்கள். ஸ்பொஞ் வியர்வையையும் மழை ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும், அலுமாரிக்குள் காற்றும் வெளிச்சமும் இல்லை, லென்ஸில் பூஞ்சணம் பிடிக்க வேறென்ன வேண்டும்? கடல் சூழ்ந்த ஊரில் இருக்கிறோம், அதுவும் வாடைக்காற்று மழைக்காலத்தில் சுவரே வியர்க்கிறது. லென்ஸ் கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போல ஒரு வலை தெரிந்தால் அது பூஞ்சணம்தான், முற்றினால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், கழுவினாலும் தடம் போகாது. இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றும் வாங்குங்கள். மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது, 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். பையைத் தனியாக, எல்லா ஸிப்பையும் திறந்து, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். நேர் வெயிலில் போட வேண்டாம், துணி வெளிறும், உள்பூச்சும் கெடும்.