எல்லாவற்றையும் பார்க்கும் கண் கதைகளில் மட்டும்தானா, இப்போது நிஜமாகவே வந்துவிட்டதா?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் கோபுர உச்சியில் எரியும் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஏதோ ஒரு கேமராவை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள், அதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்தக் கண்ணாகவே நான்கு வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன். அதனால்தான் இந்தப் பதில்.

ஓர் அலுவலகக் கட்டடத்தின் கண்காணிப்பு அறை, நைட் ஷிஃப்ட், 32 கேமரா. முதல் வாரம் கொஞ்சம் மிதப்பாகக்கூட இருந்தது. அப்புறம் கண் திறந்திருக்கும், மனசில் ஒன்றும் ஏறாது. வெளி கேமராக்களின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், வலை காற்றில் ஆடினால் திருடன் வந்த மாதிரி அலாரம் அடிக்கும். அந்தக் கோபுரக் கண்ணுக்குச் சொந்தக்காரனான வில்லன் சௌரானுக்கு இந்தத் தொல்லை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் ஒரு லேப்டாப் காணாமல் போனது. பதிவுகளைப் பார்த்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மா 10.05க்குக் கார்டு தேய்த்து வெளியேறியதாகக் கதவின் பதிவு சொல்கிறது. 10.17க்கு அலமாரிப் பக்கம் நிற்பதாகக் கேமரா சொல்கிறது. போய்விட்டதாகக் காட்டிவிட்டு உள்ளேயே இருந்திருக்கிறார் என்று எழுதினேன். கண்ணால் பார்த்ததைத்தானே எழுதினேன். மறுநாளிலிருந்து அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பராமரிப்புக்கு வந்த பையன் தன் செல்போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, உங்க டி.வி.ஆர். 14 நிமிஷம் முன்னாடி ஓடுது?" என்றான். கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் அந்தப் பெட்டியை நெட்வொர்க்கில் இணைக்கவில்லை, நேரத்தை யாரும் சரிபார்த்ததும் இல்லை. 10.17 என்று அது காட்டியபோது உண்மையில் 10.03. அந்த அம்மா வேலையை முடித்துவிட்டு, இரண்டு நிமிஷத்தில் கார்டு தேய்த்துக் கிளம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் படத்துக்கு மூலமான டோல்கீனின் நாவலில் கோபுரக் கண்ணைவிட எனக்கு உறைத்தது, தூரத்தில் நடப்பதைக் காட்டும் பாலந்திர் என்ற பார்வைக் கற்கள். அவை பொய் சொல்லாது. முற்றுகையில் சிக்கிய நகரத்தை ஆளும் டெனதோர் அதில் கருப்புப் பாய்மரக் கப்பல்கள் வருவதைப் பார்க்கிறான். கப்பல்கள் வந்தது நிஜம்தான், ஆனால் அவற்றில் வந்தது உதவிக்கு வந்த கதாநாயகன் அரகோர்ன். எதிரிதான் வருகிறான் என்று முடிவுகட்டி, மனம் உடைந்து தன்னையே எரித்துக்கொள்கிறான். இதைப் படித்த பிறகும், 2003இல் தொடங்கிய ஒரு தரவு அலசும் நிறுவனத்துக்குப் பாலந்திர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தைரியம்தான்.

"கேமராவே வேண்டாம் என்கிறாயா?" என்று சண்டைக்கு வராதீர்கள், அப்படிச் சொல்லவில்லை. "கண்ணால் காண்பதும் பொய்" என்று கமெண்டில் எழுதப்போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அதன் அடுத்த பாதியான 'தீர விசாரிப்பது' யாருடைய வேலை என்று எங்கள் வேலை விவரத்தில் எழுதியிருக்கவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் முதுகுக்குப் பின்னாலும் ஒரு கேமரா இருந்தது. 12 மணி நேர ஷிஃப்டில் எழுந்து பாத்ரூம் போனால் அதற்கும் கணக்கு. ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1791இல் வெளியிட்ட பனாப்டிகான் சிறைத் திட்டத்தில், நடுக் கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்று கைதிகளுக்குத் தெரியாது, அதனாலேயே அடங்கி நடப்பார்கள். அந்தக் கோபுரத்தில் உட்காருகிறவனுக்கு முதுகுவலி வருமே, அது திட்டத்தில் எங்கே இருக்கிறது? நாற்காலி மாற்றித்தரச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். வரவேயில்லை.

கடிகார விஷயத்தை மேலாளரிடம் சொன்னேன். "இப்ப எதுக்கு, விடுப்பா" என்றார். விட்டுவிட்டேன். 30 நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், அந்த அம்மா அலமாரிப் பக்கம் நிற்கும் காட்சியும் அப்படிப் போய்விட்டது. என் கையெழுத்துப் போட்ட அறிக்கை மட்டும் ஃபைலில் இருக்கிறது.