பாதாமி, பட்டடக்கல், ஐஹோளே: ஒரு நாள் பயணக் கேள்வி பதில்

கர்நாடகத்தில் இருக்கும் இந்தச் சாளுக்கியர் ஊர்களுக்குக் குழுக்களை அழைத்துப் போகிறவன் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மலைக்கோட்டை: ஐயா, மூன்று ஊரையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முந்தின இரவே பாதாமியில் தங்கிவிட்டால் முடியும். காலை 7 மணிக்குக் கிளம்பி முதலில் ஐஹோளே. பாதாமியிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. வெயில் ஏறுவதற்குள் மேகுடி குன்றில் ஏறி இறங்கிவிடுங்கள். திரும்பும் வழியில் பட்டடக்கல். மூன்றரை மணி வாக்கில் பாதாமி குடைவரைகள். சாய்ந்த வெயிலில் அந்தச் செம்மணற்கல்லைப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: குடைவரைப் படிகளில் கையில் தின்பண்டம், பிளாஸ்டிக் பை எதுவும் கூடாது. குரங்குகள் பிடுங்கிவிடும்.

கல்தச்சன்: பட்டடக்கல் விருபாட்சர் கோயிலைப் பார்த்ததும் காஞ்சி கைலாசநாதர் நினைவு வந்தது. காஞ்சியிலிருந்து சிற்பிகளைச் சிறைபிடித்து வந்து கட்டியதாகக் கைடு சொன்னார். உண்மையா?

இதைக் கேட்டதற்கு நன்றி. நினைவு வந்தது சரிதான். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவர்களின் காஞ்சியை வென்றதைக் கொண்டாட அவன் அரசி லோகமகாதேவி 740ஐ ஒட்டிக் கட்டியது இது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் அப்போது சில பத்தாண்டுகளே பழையது. தளம் தளமாக ஏறும் விமானம், மதிலை ஒட்டி வரிசையாகச் சிறு கோயில்கள் என்று இரண்டுக்கும் உறவு கண்ணுக்கே தெரியும்.

சிறைபிடித்த கதைக்குத்தான் ஆதாரம் இல்லை. கட்டிய சூத்திரதாரி, அதாவது தலைமைச் சிற்பி, குண்டன் என்றும், அவருக்குப் பட்டம் கொடுத்துச் சிறப்பித்தார்கள் என்றும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. இன்னொரு ஆசாரியைத் தென்திசைச் சூத்திரதாரி என்று பாராட்டுகிறது. இதில் கைதி எங்கே வந்தார்? அதே விக்கிரமாதித்தன் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ஒரு கன்னடக் கல்வெட்டை விட்டுப் போயிருக்கிறான். கோயில் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததாக அது சொல்கிறது. வென்றவன் தன்னைப் பற்றித் தானே எழுதியது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் எதிரியின் கோயில்மேல் அவனுக்கு ஒரு மயக்கம் இருந்தது தெரிகிறது.

பட்டடக்கல்லில் வேறெதைக் குறைத்தாலும் விருபாட்சருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். தூண்களில் ராமாயணக் காட்சிகளைத் தேடுங்கள். பக்கத்தில் மல்லிகார்ஜுனர், அரசியின் தங்கை திரைலோக்கியமகாதேவி கட்டியது. நாலு எட்டு நடந்தால் காசி விசுவநாதர், கலகநாதர் கோயில்களில் வடநாட்டுச் சிகரம். வடக்கும் தெற்கும் ஒரே வளாகத்தில் நிற்பதால்தான் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அலைபாயும்கால்: ஒரே நாளில் மூன்றும் முடியுமா?

மேலே பாருங்கள். குரங்கையும் மறக்காதீர்கள்.

சுமதி: அப்படியே ஹம்பியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 140 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஹம்பிக்கே இரண்டு நாள் வேண்டும்.

பல்லவதாசன்: பாதாமிதானே பழைய வாதாபி? பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் அதைப் பிடித்ததற்கு அங்கே தடயம் உண்டா? அவன் படைத்தலைவர் பரஞ்சோதி கொண்டுவந்த வாதாபி கணபதி எந்தக் கோயிலில் இருந்தார்?

முதல் கேள்விக்கு: உண்டு. பாதாமியில் ஒரு பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், சிதைந்த நிலையில் அவனுடைய கல்வெட்டு இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஐஹோளே மேகுடி சமணக் கோயில் சுவரைப் பாருங்கள். ரவிகீர்த்தி 634இல் பொறித்த பாட்டு, சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்தான் என்கிறது. எட்டே வருடத்தில், 642இல், வாதாபி விழுந்தது.

இரண்டாவதற்கு: எந்தக் கோயிலிலும் இல்லை. பரஞ்சோதி, அதாவது பின்னாளில் சிறுத்தொண்டர் ஆனவர், வாதாபியை அழித்து மணி, நிதி, யானை, குதிரை கொண்டுவந்தார் என்று சேக்கிழார் பட்டியலே தருகிறார். அதில் பிள்ளையார் இல்லை.

செங்காட்டாங்குடியான்: வாதாபி கணபதி எங்கள் திருச்செங்காட்டாங்குடியில்தான் இருக்கிறார், எங்கள் ஊரை விட்டுவிட்டுப் பேசுகிறீர்களே! சம்பந்தரே கணபதீச்சரம் என்று பாடியிருக்கிறார்.

பாடியிருக்கிறார். அது சிவன் கோயிலின் பெயர். கஜமுகாசுரனைக் கொன்ற விநாயகர் அங்கே சிவனை வழிபட்டார் என்பது உங்கள் ஊர்த் தலபுராணம். அதில் வாதாபி எங்கே?

பல்லவதாசன்: தீட்சிதர் கீர்த்தனை வாதாபி என்றுதானே தொடங்குகிறது?

தொடங்குகிறது. முழுதும் கேளுங்கள், குடமுனி பூசித்தவர் என்று அகத்தியரைச் சொல்வார். வாதாபி என்ற அசுரனை அகத்தியர் செரித்த கதை. போர் பற்றி ஒரு சொல் இல்லை. 7ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புக்கு 19ஆம் நூற்றாண்டுக் கீர்த்தனையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

செங்காட்டாங்குடியான்: தலைமுறை தலைமுறையாக நம்புவது பொய்யா?

நம்புங்கள் அண்ணே, கும்பிடுங்கள், யார் தடுத்தது? வரலாறு என்று பலகை வைக்கும்போதுதான் எனக்குச் சங்கடம்.

குட்டிப்புலி: முதல் குடைவரையில் ஒரு பிள்ளையார் இருக்கிறாரே, அவராக இருக்குமோ?

பதினெட்டுக் கை நடராசர் பக்கத்தில் இருப்பவர்தானே? மலையோடு சேர்த்துச் செதுக்கியவர் தம்பி, யார் பெயர்ப்பது? இத்தோடு கணபதியை விடுவோம்.

ராஜி: அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. பட்டடக்கல் முழுக்கச் சமதரை, ஐஹோளே துர்கா கோயில் வளாகமும் அப்படியே. மேகுடிக்கும் பாதாமி குடைவரைகளுக்கும் படி ஏற வேண்டும். அந்த நேரம் அம்மா அகத்தியர் ஏரிக்கரையில் உட்காரட்டும், கூட ஒருவர் இருங்கள், குரங்கு அங்கேயும் வரும். விருபாட்சரில் பூசை நடப்பதால் செருப்பைக் கழற்ற வேண்டும். கல் கொதிக்கும், காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் போனால் நல்லது.

பயணி2: ராஜஸ்தான் கோட்டைகளுக்கு நல்ல கைடு?

என் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் போய் வந்தவர்களைக் கேளுங்கள்.

சமையல்கட்டு: சாப்பாடு?

சோள ரொட்டி, கத்தரிக்காய் எண்ணெகாய் (மசாலா அடைத்த கத்தரிக்காய்), கெட்டித் தயிர். பனசங்கரி கோயில் பக்கம் பெண்கள் கூடையில் விற்பார்கள். நின்று சாப்பிடுங்கள். மிச்சத்தைக் கட்டிக்கொண்டு குடைவரைக்குப் போகாதீர்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வேலு: ஹம்பி போய்விட்டு அன்றைக்கே இந்த மூன்றும்...

முடியாது.