மூன்று வருடம் தாண்டிய புரோநோட்டுக்கு வழக்குப் போட முடியுமா? எந்த வழக்குக்கு எவ்வளவு காலம்?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: அவருடைய அப்பா 2022 ஜூன் 10-ஆம் தேதி ஒரு நண்பருக்கு 3 லட்சம் கொடுத்துப் புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்திட்ட சீட்டு) வாங்கியிருக்கிறார். 2024 தீபாவளிக்கு நண்பர் 20,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் போனையே எடுப்பதில்லை. இனி வழக்குப் போடலாமா?

நான் வக்கீல் இல்லை. பதினெட்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக முன்சீப் கோர்ட் படி ஏறி இறங்கியவன். முதல் வேலையாக அந்த நோட்டைத் திருப்பிப் பாருங்கள். 20,000 ரூபாய் பின்பக்கத்தில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால், அதில் அந்த நண்பரின் கையெழுத்து இருக்கிறதா? உங்கள் வழக்கு முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

'தாங்கள் கேட்கும்போது அசலும் வட்டியும் சேர்த்துத் தருகிறேன்' என்று எழுதும் வழக்கமான நோட்டுக்கு மூன்று வருடம் கெடு. இது நோட்டு எழுதிய தேதியிலிருந்து ஓடும், நீங்கள் பணத்தைக் கேட்ட தேதியிலிருந்து இல்லை. 'போன மாசம்தானே சார் கேட்டேன்' என்று வந்து நிற்பவர்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். ஆக, உங்கள் நோட்டின் காலம் 2025 ஜூன் 10-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் கடன் வாங்கியவர் ஒரு தொகை கொடுத்து, அதைத் தன் கைப்பட எழுதியிருந்தாலோ, எழுதியதன் கீழ் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இது. அப்படி இருந்தால் உங்களுக்கு 2027 தீபாவளி சமயம் வரை நேரம் இருக்கிறது.

என் பெரிய மாமா இதில்தான் மாட்டினார். நோட்டின் பின்பக்கம் ஐந்து வரவு, தேதி போட்டு, நீல மசியில், முத்து முத்தான கையெழுத்தில். எல்லாம் கடன் கொடுத்த மாமாவே எழுதியது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டை நீட்டி, 'இதை எழுதினது யாருங்க?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'நான்தாங்க எழுதினேன், அவன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான்' என்றார் மாமா. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வழக்கு தள்ளுபடி. ஏன் கையெழுத்து வாங்கவில்லை என்று வீட்டில் கேட்டதற்கு, 'ஐந்நூறு கொடுக்க வந்தவன்கிட்ட கையெழுத்துக் கேட்டா சங்கடப்படுவானேன்னு விட்டுட்டேன்' என்றார்.

எதிர்த்தரப்பு இதையெல்லாம் கவனிக்காமல் விட்டுவிடும் என்றும் நம்ப வேண்டாம். யாரும் ஆட்சேபிக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அதே காலவரையறைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நீளும் என்பதும் தவறு, ஒரு நாள்கூட நீளாது. 'டிலே பெட்டிஷன் (தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனு) போட்டுக்கலாம்' என்று டீக்கடையில் சொல்வார்கள். அதற்கு வழி தரும் 5-ஆவது பிரிவு அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான். உதாரணமாக, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை, அதாவது பிரதிவாதி கோர்ட்டுக்கு வராததால் அவர் இல்லாமலே சொன்ன தீர்ப்பை, ரத்து செய்ய மனுப் போட 30 நாள். அது தாண்டினால் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். புதிதாகப் போடும் வழக்குக்கு அந்த வசதி கிடையாது.

மற்ற வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரய அக்ரிமெண்டைப் பத்திரமாக்கித் தரச் சொல்லும் வழக்குக்கு, அக்ரிமெண்டில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம். தேதி குறிக்கவில்லை என்றால் எதிராளி மறுப்பது தெரிந்த நாளிலிருந்து. இதில் கடைசி வாரம் வரை காத்திருப்பது என் பார்வையில் முட்டாள்தனம். பணத்தோடு தயாராக இருந்தேன் என்று வாங்குபவர் நிரூபிக்க வேண்டும், மூன்று வருடம் சும்மா இருந்தவரை யார் நம்புவார்கள்? மைனர் சொத்தை கார்டியன் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 முடிந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மானநஷ்டத்துக்கு ஈடு கேட்பதென்றால் ஒரே வருடம்தான். கோபம் ஆறுவதற்குள் போய்விடும்.

நிலத்தை மீட்கும் வழக்குக்கு 12 வருடம், அதாவது இன்னொருவர் உங்கள் உரிமையை மறுத்து அனுபவிக்க ஆரம்பித்ததிலிருந்து. 12 வருடம் குடியிருந்தால் வாடகைதாரருக்கே வீடு சொந்தம் என்ற வதந்தி இங்கிருந்து வந்ததுதான். வாடகை கொடுத்து இருப்பவர் உங்கள் அனுமதியோடு இருப்பவர், அவருக்கு அது பொருந்தாது. கடனுக்கும் நிலத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடனில் காலம் போனால் கோர்ட் கதவு மூடும், கடன் அப்படியே இருக்கும். நிலத்தில் உரிமையே போய்விடும்.

கடன் அப்படியே இருப்பதால்தான் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. காலம் முடிந்த கடனையும் தருகிறேன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25-ஆவது பிரிவுப்படி அது செல்லும். வெறுமனே 'ஆமாம், பாக்கி இருக்கிறது' என்று இப்போது எழுதித் தருவது போதாது, அது மூன்று வருடத்துக்குள் நடந்திருக்க வேண்டும். இப்போது வேண்டியது 'தருகிறேன்' என்ற வாக்கு. புது நோட்டாகவே வாங்கிவிடுவது நல்லது.

பின்பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தால் நேராக வக்கீலிடம் போங்கள். இல்லையென்றால் அப்பாவை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள், கூடவே ஒரு புரோநோட்டு படிவத்தையும் ரெவின்யூ ஸ்டாம்பையும் கொடுத்து. நீங்கள் போக வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் தொனியைப் பார்த்தால் சண்டைதான் நடக்கும்.