புளூபெரி இலை மஞ்சளானால் இரும்பு டானிக் வாங்காதீர்கள்

கேள்வி: நியூஜெர்சி, எடிசனில் வசிக்கிறோம். புல்வெளி ஓரம் நட்ட 'ஜெர்சி' ரக புளூபெரி இரண்டாம் வருடமும் வளரவில்லை. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. குளிர் தாங்கவில்லையா? கடையில் இரும்பு டானிக் தெளிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: தெளிக்க வேண்டாம். 'ஜெர்சி' 1928-இல் வெளிவந்த பழைய ரகம். உங்கள் ஊர்க் குளிர் அதற்குப் பொருட்டே இல்லை. மண்ணில் இரும்பும் இருக்கிறது, செடியால்தான் எடுக்க முடியவில்லை. புளூபெரிக்கு மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். 6-ஐ நெருங்கினால் இரும்பு கரையாது. டானிக் சில வாரம் இலையைப் பச்சையாக்கும், அவ்வளவுதான்.

புல்வெளியைப் பராமரிப்பது யார்? பல ஒப்பந்தக்காரர்கள் மண்ணைச் சோதிக்காமலே வருடாவருடம் சுண்ணாம்பு தூவிப் பணம் வாங்குகிறார்கள். சுண்ணாம்பு பி.எச்.-ஐ ஏற்றிவிடும். பில்லில் 'லைம்' (சுண்ணாம்பு) என்று இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். செடி விற்கும் கடைகளோ 'நல்ல வெயில்' என்று அட்டையில் எழுதுகின்றன, பி.எச். பற்றி ஒரு வரி போட என்ன தடை?

ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மண்ணை அனுப்புங்கள். கடையில் விற்கும் குத்திப் பார்க்கும் மீட்டரை நம்பாதீர்கள். பி.எச். 6 என்று வந்தால், மணலும் களியும் கலந்த மண்ணில் சதுர மீட்டருக்குச் சுமார் 170 கிராம் கந்தகத் தூள் வேண்டும். வசந்தத்தில் பாதி, இலையுதிர் காலத்தில் பாதி மேலாகத் தூவுங்கள். வேர் மேலாகவே ஓடுவதால் கொத்தக் கூடாது. மண் பாக்டீரியாக்கள்தான் கந்தகத்தை அமிலமாக்குகின்றன. பலன் தெரிய ஆறு மாதத்துக்கு மேலாகும். சீக்கிரம் வேலை செய்யும் என்று அலுமினியம் சல்பேட்டைத் தள்ளிவிடுவார்கள். அது ஆறு மடங்கு தேவைப்படும், வேரையும் கெடுக்கும். காபித்தூள் சக்கை போட்டாலும் பயனில்லை, அதில் பெரிதாக அமிலம் மிச்சமில்லை.

கந்தகம் வாங்குமுன் ஒன்று பாருங்கள். காய்ந்த மண்ணில் வினிகர் விட்டால் நுரைக்கிறதா? நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு அப்படியே கிடக்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டி சிமென்ட் இடிபாடு புதைந்த இடங்களில் இப்படி இருக்கும். அங்கே எத்தனை கிலோ கந்தகம் போட்டாலும் சுண்ணாம்பு அதைத் தின்றுவிடும். மொட்டு விரியுமுன், மார்ச்சில், செடியை வேர்மண்ணோடு எடுத்து 60 லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். பாதி பீட் மாஸ் (சதுப்பு நிலப் பாசி மட்கு), பாதி பொடித்த பைன் பட்டை. தோட்டத்து மண் ஒரு பிடிகூட வேண்டாம்.

உரம் அம்மோனியம் சல்பேட் மட்டும்: மொட்டு பருக்கும்போது 25 கிராம், ஜூன் தொடக்கத்தில் 25 கிராம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. நைட்ரேட் உரம், எலும்புத்தூள், அடுப்புச் சாம்பல் கூடாது. பைன் பட்டை மூடாக்கு நான்கு விரற்கடை கனம் இருக்கட்டும். அடுத்து வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். இப்போது வேர்தான் வளர வேண்டும்.