கையெழுத்துப் போடாதீர்கள்: குண்டர் கும்பலும் நம் பிள்ளைகளும் – கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் 26 ஆண்டுகள் நன்னடத்தை அதிகாரியாக (நீதிமன்றத்துக்காகச் சிறாரைக் கண்காணித்து அறிக்கை எழுதுபவர்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

தோட்டக் குடியிருப்பு லயத்திலிருந்து ஒரு தாய்: மகன் படிவம் மூன்று (ஒன்பதாம் வகுப்பு). பள்ளிக்கென்று கிளம்பி, செம்பனை ஓரம் பெரிய பையன்களோடு உட்கார்ந்திருக்கிறான். "நானே நிறுத்திக்கொள்கிறேன்" என்று எழுதித் தரச் சொல்லிப் பள்ளியில் கேட்கிறார்கள். கொடுத்துவிடட்டுமா ஐயா?

கொடுக்காதீர்கள் அம்மா. பதிவேட்டில் பெயர் போய்விட்டால் அவன் யாருடைய கணக்கிலும் இல்லை. கட்டொழுங்கு ஆசிரியர் தேடமாட்டார். பள்ளிக்குப் பொறுப்பான போலீஸ் அதிகாரி பள்ளியில் இருக்கும் பிள்ளைகளைத்தான் பார்ப்பார். யாராவது புகார் சொன்னால்தான் சமூகநல இலாகா கோப்பைத் திறக்கும். அவன் பெயர் அடுத்து எழுதப்படுவது லாக்கப்பில்தான். இடையில் வருகிற மாதங்களில் அவனைத் தேடி வருகிறவர்கள் ஒரே வகை ஆட்கள். கைப்பேசிக்கு டாப்-அப் போட்டுத் தருவார்கள், மோட்டாரைக் கொடுத்து ஓட்டச் சொல்வார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள்.

ஒரு பையனை நான் மறக்கவில்லை. வயது 15. அவன் வராத நாள்களைப் பள்ளி எழுதி வைத்திருந்தது. பாராங் கத்தி வெட்டுக்குத் தையல் போட்ட சீட்டு கிளினிக்கில் இருந்தது. அவன் பாட்டிக்கு மாத உதவி கொடுத்த இலாகாவிடம் வீட்டு நிலவரம் முழுதும் இருந்தது. இந்த மூன்றும் ஒரே மேசைக்கு வந்தது, நீதிமன்றத்துக்கு நான் அறிக்கை எழுதிய அன்றுதான். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் அந்த அறிக்கையே தேவைப்பட்டிருக்காது.

நாளைக் காலையில் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். தலைமையாசிரியர், கவுன்சலர், அந்தப் போலீஸ் அதிகாரி, மாவட்டச் சமூகநல அதிகாரி ஆகிய நால்வரையும் ஒன்றாகச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவும் கூட வரட்டும். இரவில் ஏதாவது ஆனால் அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசேயைக் கூப்பிடுங்கள், எண் 15999.

மளிகைக் கடைக்காரர்: 2013-இல் 49 கும்பல்களைத் தடை செய்தார்கள். ஏன் ஒழியவில்லை?

1966 சங்கச் சட்டப்படி அவை சட்டவிரோதம் என்று அறிவித்தது சரிதான். குற்றவியல் சட்டத்தின் 130வி பிரிவில் 5 முதல் 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் சட்டம் பிடிப்பது உள்ளே போய்விட்டவனை. அவன் இடத்துக்கு வரப்போகும் 14 வயதுக்காரனைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. உறுப்பினர் 40,000-க்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர் என்று அப்போது செய்தி வந்தது. பெரியவர்கள் அதைப் படித்துத் தலைகுனிந்தார்கள். என்னிடம் வந்த பையன்களில் சிலர் அதைத் தங்கள் பலம் என்று படித்தார்கள்.

இளம் ஆசிரியை: இலாகாக்கள் சேர்ந்து வேலை செய்து எங்காவது பலன் கிடைத்திருக்கிறதா?

அமெரிக்காவின் பாஸ்டனில் கிடைத்தது. 1992 முதல் போலீஸ்காரரும் நன்னடத்தை அதிகாரியும் இரவில் ஒரே காரில் போய்ப் பையன்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 1996-இல் அரசு வழக்கறிஞர்கள், தெருவில் வேலை செய்யும் தொண்டர்கள், தேவாலயங்கள் எல்லாம் சேர்ந்து கும்பல்களை நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள்: வெட்டுக்குத்தை விட்டால் உதவி, விடாவிட்டால் எல்லோரும் ஒன்றாக உங்கள் மேல் திரும்புவோம் என்று. இளைஞர் கொலைகள் சுமார் 63 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு சொன்னது. 2000-க்குப் பிறகு அந்தக் கூட்டு தளர்ந்தது, கொலைகளும் திரும்ப ஏறின. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005-இல் போலீஸே தொடங்கிய பிரிவு வன்முறையைச் சுகாதாரப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது.

அங்கே துப்பாக்கி, இங்கே பாராங். ஆனால் வேலை ஒன்றுதான்: மாவட்ட அதிகாரி தலைமையில், மாதம் ஒரு நாள், மாறாத ஏழெட்டுப் பேர், கையில் பையன்களின் பெயர்ப் பட்டியல். பேனர் கட்டிப் படம் எடுக்கும் கூட்டம் வேண்டாம்.

கோயில் தலைவர்: உறுமி மேளக் குழுவில்தான் ஆள் சேர்க்கிறார்கள். திருவிழாவில் கும்பல் எண் போட்ட சட்டை! மேளத்தையே தடை செய்தால் என்ன?

சட்டையைத் தடுங்கள். மேளத்தை விட்டுவிடுங்கள்.

உறுமி வாசிக்கும் தம்பி: நான் அந்தக் கும்பலை விட்டு வந்ததே மேளத்தால்தான். தலைவர் மண்டபத்தைப் பூட்டினார். செம்பனைக் காட்டில் போய்ப் பழகினோம். அங்கே எங்களைத் தேடி வந்தது யார் என்று அவரையே கேளுங்கள்.

கோயில் தலைவர்: போன மாதம் சாவு ஊர்வலத்தில் கும்பல் கொடி தூக்கியது உங்கள் ஆள்கள்தானே?

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நான் கேட்பது வேறு: அந்த மேளத்தை யார் பணத்தில் வாங்கினீர்கள்? வெளி ஆள் வாங்கித் தந்திருந்தால் பையன்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஊர்வலத்துக்கு அவர் கூப்பிட்டால் மறுக்க முடியாது. கோயில் வாங்கிக் கோயில் அறையில் வைத்தால் அந்தக் கடன் கோயிலுக்கு. தலைவரே, மண்டபத்தைத் திறங்கள். ஒன்பது மணி வரை பயிற்சி, பக்கத்தில் பெரியவர் ஒருவர், பள்ளிக்குப் போகாத வாரம் மேளம் கிடையாது. இந்தக் கடைசி விதியை விடாதீர்கள்.

தம்பி: எங்களுக்குச் சம்மதம் ஐயா. மண்டபச் சாவி?

தலைவர் இன்னும் பதில் எழுதவில்லை. காத்திருக்கிறேன்.

மூன்று பெற்றோர், ஒரே கேள்வி: பள்ளியை நிறுத்தி வேலைக்கு அனுப்பலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு தந்தை: அடங்காத பிள்ளை என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கலாமாமே?

2001 சிறார் சட்டத்தில் வழி உண்டு. வீட்டை விட்டே அனுப்பும் உத்தரவு வரலாம் என்பதால் அது கடைசி வழி.

இன்னொருவர்: இந்தியர்களுக்கான அரசுப் பிரிவான மித்ராவின் மானியம் எப்படி வாங்குவது?

என் துறை இல்லை. மித்ராவிடமே கேளுங்கள்.

மீண்டும் ஒருவர்: தலைமையாசிரியர் ரொம்ப வற்புறுத்துகிறார். கையெழுத்துப் போட்டால்தான் என்ன?

ஐந்தாவது தடவை சொல்கிறேன். போடாதீர்கள்.

ஓர் அக்கா: 16 வயதுத் தம்பியை நேற்று இரவு பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) கொண்டுபோய்விட்டார்கள்.

உடனே போங்கள் அம்மா. சிறாரைப் பிடித்தால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் உடனே சொல்ல வேண்டும், அது சட்டம். அந்த அதிகாரியின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்புக் காவலுக்கு மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகும்போது யாயாசான் பந்துவான் குவாமான் என்ற சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீலைக் கேளுங்கள், காசு இல்லை. அதிகாரி வீட்டுக்கு வந்தால் எதையும் மறைக்காதீர்கள். அவர் எழுதும் அறிக்கையைத்தான் நீதிமன்றம் படிக்கும். பள்ளியில் அவன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரித்து எனக்கு எழுதுங்கள்.