வீடு எங்களது, காணி யாருடையது? வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இந்திய வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டை விற்க நினைக்கிறோம். வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகளை வைத்தால் போதும் என்கிறார் வாங்க வருபவர். சரியா? (தருமபுரம்)

பதில்: சரியல்ல. போருக்குப் பின் இலங்கைக்கு இந்தியா 2010 இல் அறிவித்த 50,000 வீடுகளில் பெரும்பாலானவை, பயனாளியின் வங்கிக் கணக்கில் 550,000 ரூபாவைக் கட்டங்கட்டமாக வைப்பிலிட, அவரே நின்று கட்டியவை. அந்தப் பணம் வீட்டுக்குத் தரப்பட்டதேயன்றிக் காணியின் உரித்தை மாற்றவில்லை. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய பேமிற் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) உங்களிடம் இருக்குமானால், நீங்கள் நிபந்தனைகளோடு அரச காணியில் இருக்கிறீர்கள். நிபந்தனைகளை நிறைவேற்றி, ஜனாதிபதியின் ஒப்பத்தோடு அளிப்புப் பத்திரம் பெற்றவர்கூட, பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதியின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. வெள்ளைத்தாளானாலும், ஒருவருக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவமானாலும் முடிவு ஒன்றுதான்: வாங்கியவரின் காசுக்குப் பாதுகாப்பில்லை, நிபந்தனை மீறியதற்காக உங்கள் பேமிற்றும் இரத்தாகலாம். விற்றே ஆகவேண்டிய நிலை என்றால் முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குச் செல்லுங்கள். முற்பணம் வாங்கிய பின் அல்ல.

கேள்வி: பேமிற் என் கணவரின் பெயரில் இருந்தது, அவர் காலமாகிவிட்டார். காணியும் வீடும் தனக்கே என்கிறான் மூத்த மகன். நான் வெளியேற வேண்டுமா? (முத்தையன்கட்டு)

பதில்: வேண்டியதில்லை, அம்மா. பேமிற்காரர் இறந்தால், பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், வாழ்க்கைத்துணை அக்காணியில் தொடர்ந்து இருக்க உரித்துடையவர். கணவர் யாரையேனும் பெயர் குறித்திருந்தால் அவருடைய முறை உங்களுக்குப் பிறகே வரும். பெயர் குறிக்காதபோது, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையில் ஆண்மக்களுக்கு இருந்த முன்னுரிமை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. ஆகையால் ‘மூத்த ஆண்பிள்ளை’ என்ற வாதம் இன்று நிற்காது. இங்கே யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் பொருந்தாது, ஏனெனில் இச்சட்டத்தின் கீழ் வழங்கிய காணிக்கு வேறெந்த உரிமைவழிச் சட்டமும் செல்லாது. ஆனால் பேமிற்காரர் இறந்து ஆறு மாதத்துக்குள் காணியில் ஆட்சி கொள்ளாதவர் உரித்தை இழக்க நேரிடும். எனவே ஒரு நாளும் வீட்டைவிட்டு இறங்கிப் போகாதீர்கள். மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பேமிற் ஆகியவற்றோடு கிராம அலுவலரைச் சந்தித்து, உங்கள் பெயரைப் பதிவு செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். போருக்குப் பின் பெண்களே தாங்கி நிற்கும் குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ. உரத்த குரலுக்கு அஞ்சி அவர்களில் ஒருவரும் தம் முற்றத்தை இழக்கக் கூடாது.

கேள்வி: இடப்பெயர்வில் பேமிற் சிதைந்துவிட்டது. இனி எமக்கு உரித்தில்லையா? (வட்டக்கச்சி)

பதில்: தாள் அழிந்தால் உரித்து அழிவதில்லை. நடமாடும் சேவையொன்றில் ஒரு முதியவர் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பேமிற், மடிப்புகளில் நான்காகக் கிழிந்திருந்தது. பெயர் எழுதிய மை கரைந்து, காணித்துண்டின் இலக்கமும் நீல முத்திரையில் பாதி வளையமும் மட்டுமே எஞ்சியிருந்தன. அந்த இலக்கத்தைக் கொண்டே காணிப் பேரேட்டில் அவருடைய பெயரைக் கண்டெடுத்தார்கள். பேரேடும் இல்லையென்றால், எல்லைக் காணிக்காரரின் பேமிற், கமக்காரர் அமைப்பின் பழைய பற்றுச்சீட்டு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைத் திரட்டிக் கொடுங்கள். போருக்குப் பிந்திய காணிச் சிக்கல்களுக்கென்றே 2013/01 ஆம் இலக்கக் காணிச் சுற்றறிக்கை வெளியானது. விண்ணப்பத்தில் அதைச் சுட்டுங்கள்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக வாடகை கட்டுகிறேன். அந்த வீட்டை வாங்கச் சட்டப்படி எனக்கு உரிமை உண்டா? (வவுனியா)

பதில்: ஆண்டுக் கணக்கு மட்டும் உரிமை தராது. 1973 ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், உச்சவரம்புக்கு மேல் வீடுகள் வைத்திருந்த உரிமையாளரின் மேலதிக வீட்டை, அதில் குடியிருந்த வாடகையாளர் வாங்க வழி திறந்தது. ஒரேயொரு வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் அந்த வழி செல்லாது. நீங்கள் கட்டிய ஒவ்வொரு வாடகையும் அவரையே உரிமையாளராக ஏற்றுக்கொள்வதால், நீண்டகாலம் ஆட்சியில் இருந்ததால் வரும் உரிமையையும் கோர முடியாது. அவர் மனமுவந்து விற்றால், நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதி வாங்குங்கள்.