வாக்குச்சீட்டை எரித்தால் வெள்ளைப் புகை எப்படி வரும்? காகிதம் எரிந்தால் சாம்பல் நிறம்தானே?

திருத்தந்தை (போப்) தேர்தல் செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவரைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்கள் எனும் மூத்த திருச்சபைத் தலைவர்களின் வாக்குச்சீட்டுகளை எரிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் திருத்தந்தை தேர்வாகிவிட்டார், கறுப்பு வந்தால் இன்னும் இல்லை என்று பொருள். உங்கள் சந்தேகம் சரியானதுதான். உலர்ந்த காகிதம் மட்டும் எரிந்தால் கொஞ்சம் மங்கிய புகைதான் வரும், வெளியே பேதுரு சதுக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாது. முன்பு ஈர வைக்கோலைச் சேர்த்து எரித்தார்கள். ஈரம் எவ்வளவு, குழாய் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறிவிடும். 1958 அக்டோபர் 26 அன்று புகை முதலில் வெள்ளையாகத் தெரிந்ததால் வத்திக்கான் வானொலியே திருத்தந்தை கிடைத்துவிட்டார் என்று அறிவித்தது. இருபத்து மூன்றாம் யோவான் தேர்வானது 28ஆம் தேதி.

இப்போது வாக்கெடுப்பு நடக்கும் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் இரண்டு அடுப்புகள். 1939இலிருந்து பயன்படும் வார்ப்பிரும்பு அடுப்பில் சீட்டுகளும் கர்தினால்கள் எழுதிய குறிப்புகளும் எரியும். 2005இல் வைத்த மற்றொன்றில் வேதிப்பொருள் அடைத்த பெட்டியை மின்சாரத்தால் பற்றவைப்பார்கள். இரண்டின் புகையும் ஒரே குழாயில் சேரும். குழாய் குளிர்ந்திருந்தால் புகை மேலேறாமல் உள்ளேயே திரும்பும். அதனால் முன்கூட்டியே சூடாக்க மின்கம்பியும், துணைக்கு ஒரு விசிறியும் உண்டு.

கலவையை வத்திக்கானே 2013இல் வெளியிட்டது. கறுப்புக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட், ஆந்த்ரசீன், கந்தகம். நிலக்கரித் தாரிலிருந்து வரும் ஆந்த்ரசீன் அரைகுறையாக எரிந்து கரித்துகளைக் கக்கும், அதுதான் கறுப்பு. வெள்ளைக்குப் பொட்டாசியம் குளோரேட், பால் சர்க்கரையான லாக்டோஸ், பைன் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின். சர்க்கரை எரியும் சூட்டில் ரோசின் ஆவியாகி, வெளிக்காற்றில் நுண்துளிகளாகக் குளிரும். அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை. தயவுசெய்து யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். குளோரேட்டோடு கந்தகம் கலந்துவிட்டால் லேசாகத் தேய்த்தாலே வெடிக்கும்.

"புனிதச் சடங்கை ரசாயன வித்தை ஆக்கிவிட்டாயே" என்று சிலர் வருவார்கள். ஐயா, சீட்டை எரிப்பது கையெழுத்தை வைத்து யார் யாருக்கு வாக்களித்தார் என்று எவரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. எண்ணும்போதே ஒவ்வொரு சீட்டிலும் 'எலிஜோ', அதாவது 'தேர்ந்தெடுக்கிறேன்', என்ற சொல்லில் ஊசி குத்தி நூலில் கோப்பார்கள். எதுவும் தவறி வெளியே போகக் கூடாது என்ற கவனம் அது. புகை வெளியே நிற்பவர்களுக்கான அடையாளம் மட்டும். அந்த அடையாளம் தெளிவாகத் தெரியட்டும் என்று கலவை சேர்ப்பதில் என்ன குறை?

நேரலை பார்ப்பவர்கள் நேரத்தையும் கவனியுங்கள். வழக்கமாகக் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு வாக்கெடுப்பு. யாரும் தேர்வாகாவிட்டால் இரண்டின் சீட்டுகளையும் சேர்த்தே எரிப்பார்கள். ஆகவே வேளையின் முதல் சுற்று முடியும் நேரத்தில் புகை வந்தால் அது பெரும்பாலும் வெள்ளைதான். 2025 மே 8 அன்று ரோம் நேரம் மாலை 6.07க்கு வந்தது அப்படித்தான். நான்காம் வாக்கெடுப்பு, 133 கர்தினால்கள், தேவை 89 வாக்குகள். பின்னால் வெளிச்சம் இருந்தால் வெள்ளைப் புகையும் கறுப்பாகத் தெரியும். திருத்தந்தை தேர்வானால் மணியும் அடிக்கும். 2005இல் அது பிந்தியபோது கூட்டம் திகைத்து நின்றது. எனவே பேதுரு பேராலயப் பெரிய மணி அடிக்கும்வரை பொறுங்கள்.